கிதாருக்கும் உண்டு மேளங்கட்டல்



தையற்பொறி, கிரைண்டர், மின்விசிறி என்று வீட்டுச் சாமான்களைப் பேணும் முறைகளையே இப்பகுதியில் எழுதி வந்தோம். மின்கிதாரைப் பற்றி எழுத நேருமென்று நாம் நினைத்ததில்லை. ஆயினும் அண்மையில் வந்த கடிதங்களுள் மூன்று அதையே கேட்கின்றன. அவற்றுள் ஒன்று தாராவியிலிருந்து ஒரு தந்தையார் எழுதியது. அவர் மகள் பத்தாம் வகுப்பு மாணவி. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவள். ஓராண்டு மிகைநேர வேலைக்கான ஊதியத்தைச் சேர்த்துத் தந்தையார் வாங்கிக் கொடுத்த கிதாரில் ஒலி எழுந்தவுடனே மடிந்துபோகிறதாம். கடைக்காரர் ஒருவர், “இந்த வாத்தியம் இவ்வளவுதான், இரு மடங்கு விலையில் வேறு வாங்குங்கள்” என்கிறாராம். உறவினர் ஒருவரோ, “பெண்ணுக்குக் கை வரவில்லை, விட்டுவிடச் சொல்லுங்கள்” என்கிறாராம். விற்றுவிடலாமா என்பது தந்தையாரின் கேள்வி.

விற்க வேண்டா. பெண்ணின் கையைக் குற்றஞ் சொல்லவும் வேண்டா. அவ்விரண்டுக்கும் முன் செய்து பார்க்கத்தக்க காரியங்கள் சில உள.

ஒரு முறை மீட்டிய தந்தியின் நாதம் எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது என்பதே இங்கு வினா. நம் இசையில் இப்படி நீளும் ஒலிக்குக் கார்வை என்னும் அழகான சொல் உண்டு. கிதார் பயிலும் பிள்ளைகள் இதைச் ‘சஸ்டெயின்’ என்கிறார்கள். கார்வை குறைந்த வாத்தியத்தில் வேகமான பகுதிகளை வாசித்துத் தப்பித்துக்கொள்ளலாம். நிதானமான பாட்டில் அகப்பட்டுக்கொள்வோம். அப்பெண் வாசிக்கும் துதிப்பாடல்களோ பெரும்பாலும் நிதானமானவை.

வீணை உள்ள வீட்டார்க்கு இச்செய்தி புதிதன்று. மெழுகில் பதித்த இருபத்துநான்கு மெட்டுக்களும் நாளாவட்டத்தில் இடம் பெயர்ந்தும் தேய்ந்தும் போகும்போது, கைதேர்ந்தவரைக் கொண்டு மேளங்கட்டிக்கொள்வது வழக்கம். வீணை மங்கிவிட்டதென்று எவரும் அதை விற்றுவிடுவதில்லை, ஆளைத்தான் அழைக்கிறோம். தம்புராவையும் பாருங்கள். கச்சேரிக்கு முன் குதிரையின்மேல் ஒவ்வொரு தந்திக்கடியிலும் ஒரு நூலிழையைச் செருகி, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னுமாக நகர்த்துகிறார்கள். ஓரிடத்தில் வந்ததும் நாதம் பொலபொலவென்று திறந்துகொள்ளும். அந்த இழைக்கு ஜீவா என்றே பெயர். உயிர் என்று பொருள்படும் பெயரை ஒரு நூல்துண்டுக்கு இட்டவர்கள் காது உள்ளவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த வீணைக் குதிரையையும் தம்புரா நூலையும் விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்கள் சிலவற்றைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வளைந்த குதிரைப் பரப்பில் தந்தி தொட்டுத்தொட்டு விலகுவதால், மீட்டும் இடத்தைப் பொறுத்து வராமற்போக வேண்டிய மேலொலிகளும் இவ்வாத்தியங்களில் வந்துவிடுகின்றன என்று அதில் காட்டினார். 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகச் சேர்ந்து, பகலில் கணக்கும் அலுவல் முடிந்தபின் ஆராய்ச்சியுமாகப் பத்தாண்டு கழித்தவர் அவர் என்பதை, நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

கிதாரின் குதிரை இதற்கு நேர்மாறானது. அங்கே தந்தி ஒரு கூரிய விளிம்பிலிருந்து சட்டென்று புறப்பட வேண்டும். விளிம்பு தேய்ந்து தட்டையானால் நம் தம்புராவின் இனிமை அதற்கு வந்துவிடாது, இரைச்சல்தான் வரும்.

கார்வை ஏன் குறைகிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தின் முறையில் சொல்லலாம். மீட்டும்போது விரல் தந்திக்குக் கொடுக்கும் விசை ஒரேயொரு வரவு. அதன்பின் எல்லாம் செலவே. குதிரை வழியாக உடலுக்கும், மெட்டு வழியாகத் தண்டிக்கும், சுற்றியுள்ள காற்றுக்கும், தந்தியின் உள் உராய்வுக்கும் அது சிறிது சிறிதாகச் செலவாகிறது. குடம்போல் உள்ளீடற்ற உடலையுடைய சாதாரணக் கிதார், கிடைத்த வரவை மேற்பலகை வழியாக விரைந்து செலவழித்துப் பேரொலி தருகிறது. ஆகவே விரைந்து ஓய்கிறது. கட்டையுடல் மின்கிதாரோ அந்தச் செலவைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் அதிர்கிறது. தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் வேலை காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் கொண்ட பிக்கப்பினுடையது. எஃகுத் தந்தி அதன்மேல் ஆடும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அமெரிக்காவில் லெஸ் பால் என்னும் வாத்தியக்காரர் 1940-ஆம் ஆண்டளவில் நாலங்குலச் சதுரப் பைன் கட்டையொன்றில் தந்தி பூட்டிப் பார்த்ததும் இதற்காகவே. ஃபெண்டர் கம்பெனியின் கட்டையுடல் கிதார் 1950-லும், லெஸ் பால் பெயர் தாங்கிய கிப்சன் கிதார் 1952-லும் விற்பனைக்கு வந்தன.

நம் பக்கத்தில் இதன் பயனை முழுதும் காட்டியவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-ல் மறைந்தவர். மாண்டலின் குட்டையான வாத்தியம். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். ஒலியோ எழுந்ததும் போய்விடும். ஒரே மீட்டில் பல சுரங்களை இழுத்துக் காட்டும் கமகத்துக்கு அது இடங்கொடாது. அவர் கட்டையுடல் மின்மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, பின்னர் ஐந்து தந்திகளில் வாசித்தார். கார்வை கிடைத்தது, கமகமும் அதன் பின்னே வந்தது.

ஒலிபெருக்கியைப் பலமாக வைத்தால் கார்வை கூடுமே என்று சில இளைஞர் நம்மிடம் வாதிட்டனர். உண்மைதான். பெட்டியிலிருந்து வரும் பேரொலி தந்தியையே திரும்ப அசைத்து அதற்குப் புது வரவு கொடுக்கும். மேடைக்கு அது சரி. தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில், சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து வந்தவர் உறங்கும்போது, அந்த வழியை யார் கையாள முடியும்? செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடி வீடுகளில் நிலைமை இதைவிடப் பெரிதும் மேலன்று. நம் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டோ, மெல்லிய ஒலியிலோதான் பயில்கிறார்கள். ஆகவே நமக்கு வேண்டிய கார்வை தந்தியிலேயே இருக்க வேண்டும். வரவைக் கூட்ட வழியில்லாத குடும்பம் செலவைத்தானே பார்க்க வேண்டும்!

கடிதம் எழுதிய அன்பரின் இசைவு பெற்று, மாட்டுங்கா இரயில்வே பட்டறையில் பணிபுரியும் நண்பரொருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். முதலில் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. கிதாரை மட்டும் மீட்டச் சொல்லி, கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணினோம். ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே ஒரு முறை, மூன்றாம் மெட்டில் ஒரு முறை, பன்னிரண்டாம் மெட்டில் ஒரு முறை. எண்களைத் தாளில் குறித்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் திருகாணியைக் கையில் எடுப்பவர் இருட்டில் ஊசி தேடுபவரே. வெறுந்தந்தி மட்டும் விரைந்து மடிந்தால் குற்றம் தலைப்பக்கத்தில். எல்லா மெட்டிலும் மடிந்தால் தந்தி, குதிரை, பிக்கப் இவற்றில். நடு மெட்டுக்களில் கறகறவென்று இரைந்து மடிந்தால் தண்டியின் வளைவிலோ தந்தியின் உயரத்திலோ. அப்பெண்ணின் கிதாரில் இம்மூன்றும் கொஞ்சங் கொஞ்சம் கலந்திருந்தன.

தந்திகள் வாங்கிய நாளில் பூட்டியவை, ஓராண்டுக்கு மேலாயிற்று. பம்பாயின் கடற்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்வதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னற் கம்பிகளே சொல்லும். தடித்த தந்திகளின் சுற்றுக்களுக்கிடையே அழுக்கடைந்து அவை உயிரற்றுக் கிடந்தன. புதுத்தந்தி பூட்டியதிலேயே பாதி நோய் தீர்ந்தது. நாள்தோறும் வாசிப்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுவதும், வாசித்து முடித்தபின் உலர்ந்த துணியால் துடைப்பதும் போதும். மெல்லிய தந்தியைவிடச் சற்றுத் தடித்த தந்தி நீண்டு ஒலிக்கும் என்பது மெய்யே. ‘ஒன்பது’ என்று எண் சொல்லி வாங்குவதற்குப் பதில் ‘பத்து’ வாங்கலாம். அவ்வெண் முதல் தந்தியின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிப்பது. ஆனால் தடித்த தந்தி தண்டியை அதிகமாக இழுக்கும். இளம் விரலும் நோகும். அப்பெண்ணுக்கு நாம் ஒன்பதையே வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அடுத்தது தண்டி. ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பைத் தாங்க, அதன் உள்ளே நீளவாக்கில் ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. அதற்கு டிரஸ் ராட் என்று பெயர். இப்பெயரைக் கேட்டதும் நம் பட்டறை நண்பர் சிரித்துவிட்டார். மரத்தால் இரயில் பெட்டி கட்டிய பழங்காலத்தில், பெட்டியின் நடு தொய்யாதபடி அடிச்சட்டத்தில் முறுக்கிக் கட்டிய கம்பிக்கும் அதே பெயர்தான். வேலையும் ஏறத்தாழ அதே வேலை. கிதாரில் இதைத் திருகிச் சரிசெய்யும் ஏற்பாட்டுக்குக் கிப்சன் கம்பெனியைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1923-ல் காப்புரிமை பெற்றார்.

தண்டி நேர்க்கோடாக இருத்தலும் கூடாது. மிக வளைதலும் கூடாது. ஆடும் தந்தி நடுவில் அகன்று ஆடுவதால், அதற்கு இடம் விடும் அளவு மெல்லிய உட்குழிவு வேண்டும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எட்டாம் மெட்டின் தலைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் நன்று. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் டேப்பட் சரிசெய்ய வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் பொருத்தமான கருவி. அது கிடைக்காவிடில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கலாம். அதன் கனம் ஏறக்குறைய அவ்வளவே. இடைவெளி மிகுந்தால் டிரஸ் ராட்டின் மறையை வலப்புறமாகவும், தந்தி மெட்டில் படிந்து கிடந்தால் இடப்புறமாகவும் திருக வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டா. திருகும் முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். திருகியபின் சுருதி கூட்டி மறுபடி அளவுங்கள். கம்பி இடங்கொடாமல் இறுகி நின்றால், அங்கேயே நிறுத்திப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அங்கே பலத்தைக் காட்டினால் கம்பி முறியும். முறிந்தால் செலவு வாத்தியத்தின் விலையை எட்டும். கைப்பிடி நீண்ட சாவியைப் பிள்ளைகளிடம் தனியே விட்டுவைக்கலாகாது என்பது நம் கருத்து.

பின்பு உயரம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் ஆறாம் தந்தி சுமார் 2 மில்லிமீட்டரும், முதல் தந்தி சுமார் ஒன்றரை மில்லிமீட்டரும் உயர்ந்திருப்பது நடுத்தரமான அளவு. விரலுக்கு எளிதாகட்டுமென்று கடைகளில் இதை மிகவும் தாழ்த்திக் கொடுப்பதுண்டு. தாழ்ந்த தந்தி ஆடும்போதெல்லாம் மெட்டுக்களில் இடறி, ஒவ்வோர் இடறலிலும் தன் விசையை இழக்கிறது. குதிரையில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு இரும்புத் துண்டுக்கு இரண்டு மறைகள் உண்டு. சிறு சாவியால் அவற்றைக் கால் சுற்று உயர்த்தினாலே வேறுபாடு காதில் படும். இரு மறைகளும் அடித்தகட்டில் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு கால் அந்தரத்தில் தொங்கும் நாற்காலியில் யார் அமர்வார்?

அந்த வீட்டில் நம்மை வியப்பில் ஆழ்த்தியது பிக்கப்தான். ஒலி போதவில்லையென்று எவரோ சொன்ன யோசனைப்படி, தந்தியை ஏறத்தாழத் தொடும் அளவுக்கு அதை உயர்த்தியிருந்தார்கள். அருகே வந்தால் ஒலி பெருகும் என்பது சரி. ஆனால் பிக்கப்பில் இருப்பது காந்தம், தந்தியோ எஃகு. மிக அருகே வந்த காந்தம் தந்தியை ஆடவிடாமல் இழுக்கிறது. தடித்த தந்திகளை மேல் மெட்டுக்களில் வாசித்தால், ஒரே சுரம் இரு சுருதியாக நடுங்கி, தேய்ந்து, விரைவில் ஓய்ந்துவிடும். ஒற்றைச் சுருளும் தடித்த காந்தத் தண்டுகளும் கொண்ட பிக்கப்புகளில் இத்தொல்லை மிகுதி. கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தபடி பிக்கப்பின் தலைக்கும் தந்திக்கும் இடையே, தடித்த பக்கத்தில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டரும் விட்டோம். ஒலி சிறிது தணிந்தது. அதை ஒலிபெருக்கியின் குமிழில் கூட்டிக்கொள்ளலாம். ஆறாம் தந்தி, பன்னிரண்டாம் மெட்டில், முன்னர் நான்கு எண்ணுவதற்குள் மறைந்தது. எல்லாம் முடிந்தபின் பத்தைத் தாண்டி நின்றது. அப்பெண் மறுபடியும் மீட்டினாள். தாமே எண்ணினார் தந்தையார். வாத்தியம் அதுவேதான்; கையும் அதே கைதான்.

தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் வெட்டுக்கள் கொண்ட சிறு பட்டியைப் பிள்ளைகள் ‘நட்’ என்பர். போல்ட்டில் பூட்டும் நட்டு வேறு. வெட்டு அகன்றிருந்தால் தந்தி அதற்குள்ளேயே அலையும். ஆழ்ந்துவிட்டால் முதல் மெட்டில் உரசும். வெறுந்தந்தி மட்டும் மங்கியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இதைச் செப்பனிட மெல்லிய அரமும் பழகிய கையும் வேண்டும். வீட்டில் முயல வேண்டா. உயர்ந்து நிற்கும் மெட்டு, பள்ளம் விழுந்த மெட்டு இவையும் அவ்வாறே. தண்டியை உடலோடு பிணைக்கும் நான்கு மறைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் ஒரு முறை பார்த்து இறுக்கிவிடுங்கள்.

குதிரையை ஆட்டும் கைப்பிடி உள்ள கிதார்களில், பின்புறத்து வில்களை இறுக்கிக் குதிரையை உடலின்மேல் படியவைத்தால் கார்வை வளரும் என்று சொல்வோர் உளர். நாம் கேட்டவரையில் வேறுபாடு சிறிதே. கனத்த மரம், அபூர்வ மரம் என்று கடைகளில் பேசும் பேச்சும் அப்படித்தான். துருப்பிடித்த தந்தியைப் பூட்டிவைத்துக்கொண்டு மரத்தின் ஜாதியை விசாரிப்பதில் பயனில்லை.

இவ்வளவு செய்தபின்னும் ஓரிரண்டு இடங்கள் மட்டும் பிடிவாதமாக மங்கியே இருக்கலாம். மூன்றாம் தந்தியில் ஐந்தாம் மெட்டு முதல் ஏழாம் மெட்டுக்குள் இது அடிக்கடி நேர்கிறது. அங்கே எழும் சுரத்தின் அதிர்வும் தண்டியின் இயல்பான அதிர்வும் ஒன்றுபட்டுவிடுவதால், தண்டி தானும் ஆடத் தொடங்கித் தந்தியின் விசையை உறிஞ்சிவிடுகிறது. விலையுயர்ந்த கிதார்களிலும் இது உண்டு. ஆகவே கடைக்காரர் சொல்லும் இரு மடங்கு விலை இதற்கு மருந்தாகாது. தலைப்பகுதியில் ஒரு சிறு கனத்தைக் கவ்வி வைத்தால் அந்த ஊமை இடம் வேறு சுரத்துக்கு நகரும். சுருதி பார்க்கும் கவ்விப்பெட்டியையே அங்கே மாட்டிச் சோதிக்கலாம். நகர்ந்த இடம் இரண்டு மெட்டுக்களுக்கு நடுவே விழுந்தால் நம் நல்லகாலம். இல்லையேல் அதே சுரத்தை வேறு தந்தியில் பிடிக்கப் பழகிக்கொள்வதே வழி. அப்பெண்ணின் கிதாரிலும் அவ்வாறான ஓரிடம் உண்டு. அவள் அதை நமக்கு முன்பே கண்டுபிடித்து, இரண்டாம் தந்திக்குத் தாவிக்கொண்டிருந்தாள். கை வராத பிள்ளை செய்யும் காரியமா இது?

பம்பாயில் மழை நான்கு மாதம். ஈரத்தில் மரம் ஊதும். பனிக்காலத்து வறண்ட காற்றில் சுருங்கும். தண்டியின் வளைவும் அதற்கேற்ப மாறும். ஆகவே மழை ஓய்ந்தபின் ஒரு முறையும், தை மாசியில் ஒரு முறையும் மேற்சொன்ன அளவுகளைப் பாருங்கள். விடுமுறைக்குத் திருநெல்வேலி வண்டியில் ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள், வெயில் படும் ஜன்னலோரத்தில் கிதாரைச் சாத்தி வைக்காமல் பெட்டியிலிட்டு மேற்பலகையில் கிடத்துவது நல்லது. போய்ச் சேர்ந்த அன்றே அளவெடுக்க வேண்டா. அறைக் காற்றுக்கு அது ஒரு நாள் பழகட்டும். எடுத்த அளவையும் தேதியையும் ஒரு சிறு அட்டையில் பென்சிலால் எழுதிக் கிதார்ப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது அவ்வட்டையையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம். அவரிடம் என்ன கேட்பது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்றுக் கசிவதைப் பற்றிச் செம்பூர் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதற்கு அடுத்த இதழில் விடை எழுதுவோம்.